599 ரூபாய்க்கு ஒரு காஞ்சிப் பட்டு

ஏதாவது ஓர் ஆன்லைன் சந்தையைத் திறந்து "காஞ்சிபுரம் பட்டுப் புடவை" என்று தேடிப் பாருங்கள். அடித்துப் போட்ட 2,999 ரூபாய்க்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 599 ரூபாய் என்று ஒரு புடவை வந்து நிற்கும். கூடவே ஜாக்கெட் துணி இலவசம், டெலிவரி இலவசம்! படத்தில் இருக்கும் பெண் கல்யாண மேடைக்குப் போகத் தயாராக நிற்பார்.

இந்த விலையை ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல காஞ்சிப் பட்டு அரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும். கச்சாப் பட்டு கர்நாடகாவிலிருந்து வருகிறது. கிலோ பல ஆயிரம் ரூபாய். ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. வெள்ளி விற்கும் விலை எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேல் சாயம் போட வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், தறியில் பல நாள் உட்கார்ந்து நெய்ய வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் 599 ரூபாய் நூலுக்கே காணாது. அப்படியென்றால் பெட்டியில் வரப்போவது என்ன? பெரும்பாலும் விசைத்தறியில் ஓட்டிய பாலியஸ்டர்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விற்பவர் பல நேரம் பொய்கூடச் சொல்வதில்லை. தலைப்பில் "காஞ்சிபுரம்" என்று இருக்கும். கீழே, யாரும் படிக்காத விவரப் பகுதியில் "ஆர்ட் சில்க்" என்றோ "லிச்சி சில்க்" என்றோ "சில்க் பிளெண்ட்" என்றோ இருக்கும். ஆர்ட் என்றதும் கலைநயம் மிக்க பட்டு என்று நினைத்துவிட வேண்டாம். 'ஆர்ட்டிஃபிஷியல்' என்பதன் சுருக்கம் அது. இன்னும் சிலர் "காஞ்சி ஸ்டைல்", "காஞ்சிவரம் டைப்" என்று போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். வாங்குபவர் தலைப்பையும் படத்தையும் பார்ப்பார், விவரத்தைப் பார்க்கமாட்டார் என்பதுதான் இவர்களுடைய முதலீடு.

ஏமாற்று ஆன்லைனில்தான் பிறந்தது என்று சொன்னால் அது நியாயமில்லை. காஞ்சிபுரத்தில் கோயிலுக்கு வருபவர்களைக் கமிஷனுக்காகக் கடைக்கு அழைத்துப்போகும் ஆட்கள் இணையத்துக்கு முன்பே இருந்தார்கள். ஆனால் அங்கே கடை என்று ஒன்று இருந்தது. புடவையைத் தொட்டுப் பார்க்கலாம், புரட்டி அடிப்பக்கத்தைப் பார்க்கலாம். கோர்வைப் புடவையாக இருந்தால் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் நெய்து கோத்த இடம் பல் பல்லாய்த் தெரியும். ஓரத்தில் ஓர் இழையை உருவி எரித்தால் பட்டு முடி கருகிய வாசனையோடு பொடியாக உதிரும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். கைபேசித் திரையில் எதைத் தொடுவது, எதை எரிப்பது?

வணிகவியல் மாணவர்கள் பாடத்தில் படிக்கும் ஒரு விஷயம் இங்கே அப்படியே பொருந்துகிறது. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார் (2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் இவரும் ஒருவர்). நல்ல சரக்கு எது, மோசமான சரக்கு எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் அவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே தரத் துணிவார். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல சரக்கு வைத்திருப்பவர் சந்தையை விட்டுப் போய்விடுவார் என்பது அவர் வாதம். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் தன் புடவையை 18,000 ரூபாய்க்கு ஆன்லைனில் போட்டால், அதே பெயரில் 599-ஐப் பார்த்த வாடிக்கையாளர் இவரைத்தான் கொள்ளைக்காரர் என்பார். ஏமாந்தவருக்கு 599 ரூபாய் நஷ்டம். தறிக்காரருக்கு அந்தப் பெயரே நஷ்டம்.

அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெயரைப் போலியாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது! தேடல் பக்கத்தில் வரிசையாக நிற்கும் "காஞ்சிபுரம்"களைப் பார்த்தால் யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

முத்திரைகளிலும் குழப்பம் உண்டு. மத்திய பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த சில்க் மார்க், துணி அசல் பட்டுதானா என்பதை மட்டும் சொல்லும். அது காஞ்சியில் நெய்ததா, கைத்தறியா, ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா என்றெல்லாம் சொல்லாது. கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் தனி. ஆகவே சில்க் மார்க் இருந்தால் அசல் காஞ்சிப் பட்டு என்று விற்பவர் அடித்துச் சொன்னால், அவர் பாதி உண்மைதான் சொல்கிறார். புவிசார் குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு செய்தவரா என்று கேட்பதுதான் சரியான கேள்வி. கூட்டுறவுச் சங்கங்களிலோ கோ-ஆப்டெக்ஸிலோ வாங்கினால் இந்தத் தலைவலி குறையும்.

சமூக வலைத்தளங்களில் நடக்கும் வியாபாரம் இன்னொரு ரகம். முழுப் பணத்தையும் யுபிஐ-யில் முன்னாலேயே அனுப்ப வேண்டும். "பெட்டியைப் பிரிக்கும் வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் கிடையாது" என்பார்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் இப்படி ஒரு நிபந்தனையே இல்லை. விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லை என்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்றுதான் விதி இருக்கிறது. ஆனாலும் வீடியோ எடுத்து வைப்பது நல்லது, சாட்சியாக உதவும். விற்பனைப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது மறுநாளே மாறிவிடலாம். விற்பவரின் சட்டப்படியான பெயர், முகவரி, தொலைபேசி எண் தளத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி. முகவரி இல்லாதவரிடம் வாங்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் உடனே 1930.

ஆனால் எல்லாப் பாரத்தையும் வாங்குபவர் தலையில் வைப்பது சரியா? 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்று தளங்கள் கைகழுவுவதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷனோ விளம்பரக் காசோ வாங்குபவர்கள் இவர்கள். 2024 ஜனவரியில் அயோத்தி ராமர் கோயில் பிரசாதம் என்ற பெயரில் இனிப்புகள் விற்கப்பட்டபோது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்தப் பக்கங்கள் அகற்றப்பட்டன. ஆக, முடியாத காரியம் இல்லை. உணவுப் பொருள் விற்க உரிம எண் கேட்கிறார்கள். ஹால்மார்க் நகையில் 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க எண் கட்டாயம். "காஞ்சிபுரம்" என்ற சொல்லைத் தலைப்பில் தட்டும்போதே புவிசார் குறியீட்டுப் பதிவு எண்ணைக் கேட்டு ஒரு பெட்டி திறக்கும்படி செய்ய, தளத்தின் பொறியாளர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகாது.