அஞ்சு மணிக்கு எழுந்தா ஏடிஹெச்டி சரியாகிடுமா?

"டாக்டர், எனக்கு ஏடிஹெச்டி இருக்குனு நினைக்கிறேன். மாத்திரை வேண்டாம். லைஃப்ஸ்டைலை மாத்தியே சரி பண்ணிடலாமா?"

இன்பாக்ஸில் அடிக்கடி வரும் கேள்வி இது.

சுருக்கமான பதில்: முழுசா சரி பண்ண முடியாது. ஆனா நிறையவே சமாளிக்கலாம். எதை மாத்துறோம் என்பதில்தான் விஷயம் இருக்கு.

முதலில் ஒன்று. ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, சிறுவயதிலேயே தொடங்குவது. 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும். வேலையில் மட்டும் அல்லது வீட்டில் மட்டும் என்றில்லாமல், குறைந்தது 2 இடங்களிலாவது தெரிய வேண்டும். பெரியவர்களில் சுமார் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது.

35 வயதில் திடீர்னு கவனம் நிக்கலைன்னா, அது தூக்கமின்மையா இருக்கலாம். தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, மது, குறட்டையோடு வரும் மூச்சுத்தடை என்று எதுவாகவும் இருக்கலாம். ரீல்ஸ் பார்த்து நீங்களே முடிவு பண்ணிடாதீங்க.

சரி, உண்மையிலேயே இருக்கிறவங்களுக்கு ஊர் சொல்லும் அறிவுரை என்ன? "காலைல 5 மணிக்கு எழு. டைரி எழுது. ஒழுங்கா ப்ளான் பண்ணு. மனசு வெச்சா முடியும்."

கால் உடைஞ்சவரைப் பார்த்து, மாடிப்படி ஏறி இறங்குங்க, கால் சரியாகிடும்னு சொல்ற மாதிரிதான் இது. திட்டமிடுவதும், நேரத்தை உணர்வதும், தொடங்கியதை முடிப்பதும்தான் இங்கே பழுதாகி இருக்கிறது. அதையே மருந்தாகக் கொடுத்தால்?

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல வருடங்களாகச் சொல்லி வருவதும் இதைத்தான். என்ன செய்யணும்னு இவங்களுக்குத் தெரியும். தெரிந்ததை, செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய முடியாததுதான் பிரச்சனை. ஒவ்வொரு ஜனவரியிலும் வாங்கி, நாலு பக்கம் எழுதி, அலமாரியில் தூங்கும் டைரிகளைக் கேட்டால் சொல்லும்.

அதனால் மாற்றத்தைத் தலைக்குள்ளே செய்யாதீங்க. தலைக்கு வெளியே செய்யுங்க.

வண்டிச் சாவிக்கு வாசல் பக்கத்தில் ஓர் ஆணி. வேறெங்கும் வைக்கக் கூடாது. கரண்ட் பில், கடன் தவணை எல்லாம் ஆட்டோ பேமெண்ட். அடுப்பில் பால் வைத்தால் கையில் டைமர். கண்ணில் படும் இடமெல்லாம் முள் வைத்த கடிகாரம். "10 நிமிஷம்" என்பது இவங்களுக்கு வெறும் வார்த்தை. முள் நகர்வதைப் பார்த்தால்தான் நேரம் போவது தெரியும்.

தனியே உட்கார்ந்தால் ஓடாத வேலை, பக்கத்தில் ஒருவர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தால் ஓடும். வீட்டில் ஒரு பக்கம் நகராதவர்கள் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு மணிக்கணக்கில் உட்கார்வதைப் பார்த்திருப்பீங்க. அந்தச் சூழலை வீட்டுக்குக் கொண்டுவாங்க. ஒரு நண்பரை வீடியோ காலில் வைத்துக்கொண்டு வேலை செய்தாலும் சரிதான்.

தூக்கம் ரொம்ப முக்கியம். இவங்களில் பலருக்கு உடல் கடிகாரமே தாமதமா ஓடும். 5 மணி வீரம் வேண்டாம். 7 மணியோ 7.30 மணியோ, ஞாயிறு உட்பட தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்க. மாலை 5 மணி காபியில் உள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்க.

உடற்பயிற்சியும் உதவும், ஓரளவுக்கு. கஷ்டமான வேலைக்கு முன்னாடி அரை மணி நேரம் வேர்க்க நடங்க. ஞாபகசக்தி லேகியத்துக்குச் செலவு பண்ணும் காசை மிச்சம் பிடிங்க.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியே ஆகணும்.

நம்ம வீடுகளில் ஏடிஹெச்டி உள்ள ஆணுக்கு "தலைக்கு வெளியே" ஏற்பாடு ஏற்கெனவே இருக்கு. முதலில் அம்மா, அப்புறம் மனைவி. பர்ஸ் எடுத்தாச்சா, பில் கட்டியாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் அலாரம் அவங்கதான். "அவரு மறதிக்காரரு" என்று சிரித்துக்கொண்டே கடந்துவிடுவோம்.

அதே பிரச்சனை ஒரு பெண்ணுக்கு இருந்தால்? அவளுக்கு அலாரம் யாருமில்லை. பால் பொங்கினா, பிள்ளையின் ஸ்கூல் டைரியில் கையெழுத்து போட மறந்தா, "பொறுப்பில்லாதவ". சிறுவயதில் ஓடியாடித் தொல்லை தராமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு இருந்ததால் டீச்சருக்கும் தெரியவில்லை. பல வருடத் திட்டுகளை வாங்கிக்கொண்டு, மனச்சோர்வோடுதான் எங்ககிட்ட வர்றாங்க. இவங்களுக்கு "இன்னும் கொஞ்சம் ஒழுங்கா இரும்மா" என்பது சிகிச்சை அல்ல. வீட்டு வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் முதல் லைஃப்ஸ்டைல் மாற்றம். அதைச் செய்ய வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவர்.

மாத்திரைக்கு வருவோம். பிரிட்டனின் நைஸ் 2018 வழிகாட்டுதல்படி, சூழலில் இந்த மாதிரி மாற்றங்கள் செய்து பார்த்த பிறகும் வாழ்க்கை பாதிக்கப்பட்டால், பெரியவர்களுக்கு மருந்து தரலாம். மருந்து எடுப்பது தோல்வி இல்லை. பைக்கில் போகும்போது கவனம் சிதறுது, வேலை கையை விட்டுப் போகுதுன்னா தள்ளிப் போடாதீங்க. மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகளை மனநல மருத்துவர் பரிந்துரையில், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துத்தான் தருவோம். நண்பரோட மாத்திரையை வாங்கி முயற்சி பண்ணாதீங்க. ஏற்கெனவே எடுப்பவர்கள் இந்தப் பதிவைப் படித்துவிட்டு நிறுத்திடாதீங்க.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கு. முடிந்தால் உங்க சின்ன வயசு தெரிந்த ஒருவரையும், பழைய ரேங்க் கார்டையும் கொண்டு போங்க, ரொம்ப உதவும். எங்கே போவதுனு தெரியலைன்னா டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம்.