பேரங்காடியும் பற்றுக் கொப்பியும்

மலையக நகரொன்றிலே பேரங்காடியின் கிளையொன்று திறக்கப்படும் என்ற செய்தி பரவும்போதெல்லாம் இரு குரல்கள் எழுவது வழக்கமாகிவிட்டது. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் கடைகள் நிரையாய் நிற்கும் கொட்டகலையிலும் அவ்விரு குரல்களையும் கேட்கலாம். “உள்ளூர்ப் பொருளாதாரம் அழிந்துவிடும்” என்பது ஒன்று. “பொருள்களின் விலை குறையும், இளைஞருக்கு வேலை கிடைக்கும்” என்பது மற்றையது. முன்னதைச் சொல்வோர் தம்மை மக்கள் பக்கத்தவர் என்கின்றனர். பின்னதைச் சொல்வோர் தம்மை முன்னேற்றத்தின் பக்கத்தவர் என்கின்றனர். இரு சாராருமே அந்நகரத்தைச் சூழ்ந்துள்ள தோட்டங்களின் லயங்களிலே வாழ்பவர்கள் எவ்வாறு பொருள் வாங்குகின்றனர் என்பதை ஆராயாமலே வழக்காடுகின்றனர்.

முதலாவது வாதத்தை முதலில் நோக்குவோர் ‘உள்ளூர்’ என்ற சொல்லிலேயே தடுக்கி நிற்கவேண்டியுள்ளது. பேரங்காடியில் செலவிடப்படும் பணம் கொழும்புக்குப் போய்விடும், சிறுகடையில் செலவிடப்படும் பணம் ஊருக்குள்ளேயே சுழலும் என்பது இவ்வாதத்தின் சாரம். சொந்த நிலமும் சொந்த உற்பத்தியும் உடைய கிராமத்துக்கு இது ஓரளவு பொருந்தலாம். பெருந்தோட்டம் அத்தகைய கிராமமன்று. விளைவது தேயிலை, அது கொழும்பு ஏலத்துக்குச் செல்கின்றது. உண்பது அரிசியும் கோதுமை மாவும் பருப்பும். அவை வெளியிலிருந்து வருகின்றன. சிறுகடையில் விற்கப்படும் மாவும் சீனியும் கொட்டகலையில் விளைந்தவையல்ல. கடைக்காரரின் கையில் தங்கும் சிறு இலாபமே ஊரில் தங்குகின்றது. அதுவும் எவ்வளவு தங்குகின்றது, எவ்வளவு வேறிடங்களில் வீடாகவும் காணியாகவும் மாறுகின்றது என்பது கணக்கிடப்படாத ஒன்று.

பெருவணிகம் மலையகத்துக்குப் புதிதாக வந்த விருந்தாளியுமன்று. இன்று நாடெங்கும் ‘ஃபூட் சிற்றி’ என்ற பெயரில் கிளைபரப்பியுள்ள கார்கில்ஸ் நிறுவனம் கோப்பிக் காலத்திலேயே, 1844இல், தோன்றியது. நுவரெலியாவில் துரைமாருக்கு வேண்டிய பண்டங்களை விற்ற அதன் பழைய கட்டடம் இன்றும் நிற்கின்றது. அக்காலத் தொழிலாளி அக்கடையின் வாசலை மிதித்தவனல்லன். அவனுக்குத் தோட்டமே அரிசி அளந்தது. அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தது. எஞ்சிய தேவைகளைக் கங்காணியின் முற்பணமும் அவரோடு தொடர்புடைய கடையும் நிறைவேற்றின. ஒரு தொழிலாளி பட்டுள்ள கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் இவனை வேலைக்கு எடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட ‘துண்டு’ என்ற சீட்டு 1921இல்தான் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. மலையகத்தில் கடை என்பது தொடக்கத்திலிருந்தே கடனோடு பிணைந்தது. கடன் என்பது மனிதரைக் கட்டிவைப்பதோடு பிணைந்தது. இவ்வரலாற்றை மறந்து, சிறுகடையை ஏதோ பண்டைய கிராமியக் கூட்டுறவின் சின்னம்போலப் போற்றுவது பொருளியலுமன்று, வரலாறுமன்று.

‘உள்ளூர்’ என்பதன் எல்லைக்குள் தோட்டம் எப்போது சேர்க்கப்பட்டது என்பதும் கேட்கத்தக்கதே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக அமைந்திருந்தது. அத்தடை 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலமே நீங்கியது. தோட்டத்து மக்கள் வாக்களித்துச் சபைக்கு உறுப்பினரை அனுப்பலாம். ஆனால் அச்சபை அவர்களது லயத்துக்குப் பாதை போடுவதற்குச் சட்டம் இடங்கொடாது. முப்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், பேரங்காடி வருகின்றது என்றவுடன் அம்மக்களையும் சேர்த்து ‘உள்ளூர்ப் பொருளாதாரம்’ என்று முழங்குவது வசதியான ஒரு மறதியாகும்.

இவ்வாறு கூறுவதால் கடைக்காரரின் அச்சம் பொய்யானது என்று ஆகிவிடாது. 1983 யூலையில் நுவரெலியாவிலும் பதுளையிலும் கடைகள் தீக்கிரையாயின. சாம்பலிலிருந்து மீண்டும் தட்டும் தராசும் வாங்கி வைத்தவர்களுக்கு, பெருமுதலோடு வருகின்ற எந்தப் போட்டியும் மற்றுமொரு பறிப்பாகத் தோன்றுவது இயல்பே. அவ்வுணர்வு மதிக்கப்படவேண்டியது. எனினும் ஒரு வகுப்பாரின் நியாயமான அச்சம் வேறு, அது மக்கள் அனைவரதும் நலன் என்று நிறுவப்படுவது வேறு. 1973–74 உணவு நெருக்கடியின்போது தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. மரண வீதம் உயர்ந்தது. அவ்வேளையிலும் நகரங்களில் சிறுகடைகள் இருந்தன. அவை இருந்தமை மட்டும் லயத்து மக்களுக்கு வேலியாக அமைந்துவிடவில்லை.

இனி மற்றைய குரலைக் கேட்கலாம். பேரங்காடியை வரவேற்போர் பெரும்பாலும் அமெரிக்க, மெக்சிக்கோ ஆய்வுகளைச் சான்று காட்டுவர். அவ்வாய்வுகளைச் சற்று ஊன்றிப் படித்தால் அவை ஒரே குரலில் பேசவில்லை என்பது தெரியவரும். 1962இல் ஆர்க்கன்சோ மாநிலத்தில் முதற் கடையைத் திறந்த வோல்மார்ட்டைப் பற்றி எமெக் பாஸ்கர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, அக்கடை திறக்கப்பட்ட மாவட்டத்தில் முதலாண்டில் சில்லறை வணிக வேலைகள் ஏறத்தாழ 100 கூடின என்றும், ஐந்தாண்டுகளில் அது ஏறத்தாழ அரைவாசியாகச் சுருங்கியது என்றும் கூறிற்று. டேவிட் நியூமார்க்கும் அவரோடு சேர்ந்தோரும் 2008இல் வெளியிட்ட ஆய்வோ, அக்கடையில் ஒருவர் வேலை பெற்றால் வேறிடத்தில் ஏறத்தாழ 1.4 பேர் வேலை இழந்தனர் என்று முடிவு செய்தது. ஒரே நிறுவனம், ஒரே நாடு, முடிவுகள் எதிரெதிர்.

இம்முரண்பாடு எங்கிருந்து பிறக்கின்றது என்பதிலேதான் மாணவர் கற்கவேண்டிய பாடம் உண்டு. பெருங்கடை கண்ணை மூடிக்கொண்டு இடந்தேடுவதில்லை. வளருகின்ற ஊரையே தேடி வருகின்றது. வளருகின்ற ஊரில் கடை வந்தபின் வேலை கூடினால், அது கடையினால் கூடியதா, ஊர் வளர்ந்தமையால் கூடியதா என்று பிரித்தறிவது எளிதன்று. கடை வராதிருந்தால் அவ்வூர் எவ்வாறிருந்திருக்கும் என்பதை ஏதேனும் ஒரு முறையால் மதிப்பிட்டாகவேண்டும். ஆய்வாளர்கள் வேறுபடுவது இம்மதிப்பீட்டு முறையிலேயே. “ஹட்டனில் பேரங்காடி வந்தது, நகரமும் வளர்ந்தது, ஆகவே பேரங்காடி நன்று” என்று மேடையில் முழங்குவோரும், “பேரங்காடி வந்தது, இரு கடைகள் மூடப்பட்டன, ஆகவே தீது” என்போரும் இவ்விடத்தில் ஒரே தவறையே செய்கின்றனர். 2022 செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அத்தகைய ஓராண்டிலே மூடப்பட்ட கடை எதனால் மூடப்பட்டது என்று சொல்வதற்கு அயலில் ஒரு பேரங்காடி இருந்தமை மட்டும் போதுமான சான்றாகாது.

மெக்சிக்கோ பற்றி அட்கின், ஃபேபர், கொன்சாலெஸ்-நவாரோ ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயன்தரத்தக்கது. வெளிநாட்டுப் பேரங்காடிகளின் வருகையால் சராசரிக் குடும்பம் நன்மையடைந்தது என்று அது காட்டுகின்றது. வரவேற்போர் அம்முதற்பாதியை மேற்கோள் காட்டுவர். அந்நன்மை ஏழைக் குடும்பங்களைவிட வசதி படைத்த குடும்பங்களுக்கே கூடுதலாகக் கிடைத்தது என்ற மறுபாதி அவர்கள் நாவில் வருவதில்லை. இந்தியாவில் சர்வதேசப் பொருளாதார உறவுகள் ஆராய்ச்சி மன்றம் 2008இல் வெளியிட்ட அறிக்கை, அயலிலுள்ள சிறுகடைகளின் விற்பனை தொடக்கத்தில் வீழ்ந்தாலும் காலப்போக்கில் அத்தாக்கம் தணிகின்றது என்றது. ஆனால் அங்கு ஆராயப்பட்டவை நகரத்துக் கடைகள். அவற்றின் வாடிக்கையாளர் தோட்டத்துச் செக்ரோலில் பெயர் உடையவர்களல்லர்.

விவசாயியிடம் நேரடியாகக் கொள்வனவு செய்வதால் நன்மை விளையும் என்ற வாதத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1999இல் ஹங்குராங்கெத்தையில் மரக்கறி சேகரிப்பு நிலையம் தொடங்கியதிலிருந்து அத்தகைய கொள்வனவு நடைபெறுவது உண்மையே. இடைத்தரகருக்குப் போன பணத்தில் ஒரு பங்கு விவசாயிக்குச் சேருமாயின் அது வரவேற்கத்தக்கதுமாகும். ஆனால் விற்பதற்கு விளைநிலமே இல்லாத தொழிலாளிக்கு அதனாற் பெரும்பயனில்லை. வேலைவாய்ப்பு வாதத்தில் மட்டும் ஒரு நியாயம் உண்டு. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டுக்குரியது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டுக்குரியது. இவை சிறுகடைக்கும் உரியவையே. கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, நியமனக் கடிதமோ சேமலாப நிதியோ இன்றி இளமையைக் கழித்த மலையகப் பையன்களின் கதை கொழும்பு அறிந்த கதை. சிறுகடையின் மனிதாபிமானத்தைப் பற்றிப் பேசுவோர் அப்பையன்களிடமும் ஒரு சொல் கேட்பது நன்று.

இனி இரு சாராரும் தொடாத இடத்துக்கு வருதல் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் உழைப்பு நாளுக்கு நாள் கணக்கிடப்படுகின்றது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டபோது பத்திரிகைகள் அத்தொகையையே தலைப்பிட்டன. ஆனால் அப்பணம் நாள்தோறும் கைக்கு வருவதில்லை. அடுத்த மாதம் பத்தாந் திகதியை அண்டியே சம்பளம் வருகின்றது; இடையில் ஒரு முற்பணம் கிடைக்கலாம். எத்தனை ‘பெயர்’ விழுந்தது, எத்தனை அரைப்பெயர் ஆயிற்று என்பதைப் பொறுத்தே தொகை அமையும். வயிறோ மாதக் கணக்கில் இயங்குவதில்லை. ஆகவே உழைத்த நாளுக்கும் கூலி பெறும் நாளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கடையின் பற்றுக் கொப்பி நிரப்புகின்றது. நூறு கிராம் பருப்பும் ஒரு தேங்காய்ப் பாதியும் அரைக்கிலோ மாவும் எழுதப்படுகின்றன. சம்பள நாளன்று பழைய பக்கம் கோடிடப்பட்டு, புதிய பக்கம் திறக்கப்படுகின்றது.

இக்கடன் இனாமன்று. ஒரு கணக்கை எண்ணிப் பார்க்கலாம். ரொக்கத்துக்கு 100 ரூபாவுக்கு விற்கத்தக்க பொருள் கொப்பியில் 105 ரூபாவாக எழுதப்படுவதாகக் கொள்க. மாத முழுவதும் சிறிது சிறிதாக வாங்கப்படுவதால் கடன் நிலவும் காலம் சராசரியாக அரை மாதமே. அரை மாதத்துக்கு 5 சதவீதம் எனில் ஆண்டுக்கு 120 சதவீதம். ‘வட்டி’ என்ற சொல் எங்கும் எழுதப்படுவதில்லை. விலை என்ற பெயரிலேயே வட்டி வசூலாகின்றது. பேரங்காடியின் விலையையும் சிறுகடையின் விலையையும் அருகருகே எழுதி “பார், எவ்வளவு மலிவு” என்போர், ஒன்று ரொக்க விலை, மற்றையது கடன் விலை என்பதைக் காணத் தவறுகின்றனர். கையில் ரொக்கம் இல்லாதவளுக்கு ரொக்க விலையின் மலிவு, பூட்டிய கண்ணாடிக்கு அப்பாலுள்ள மலிவு. கையில் பணம் இருந்தாலும், மேற்பிரிவு லயத்திலிருந்து நகருக்கு வந்துபோகும் முச்சக்கர வண்டிக் கூலி அம்மலிவை விழுங்கிவிடக்கூடும்.

கடைக்காரரின் பக்கமும் ஒன்று உண்டு. பிணையும் அடகும் இன்றி, முகத்தைப் பார்த்தே கடன் கொடுப்பவர் அவர் ஒருவரே. வாராக்கடனும் அவருடையதே. அக்கடனைக் கொடுக்க அவருக்கு ரொக்கம் வேண்டும். அந்த ரொக்கம் ஆசிரியர், எழுதுவினைஞர், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் குடும்பத்தினர் ஆகியோரிடமிருந்து வருகின்றது. பேரங்காடி வந்தால் முதலில் அங்கே போகக்கூடியவர்களும் அவர்களே. அவ்வாறு ரொக்க வாடிக்கையாளர் விலகினால் கடைக்காரர் என்ன செய்வார்? கடையை உடனே மூடிவிடமாட்டார். கொப்பியைச் சுருக்குவார். நம்பிக்கைக்குரிய பத்துக் குடும்பங்களுக்கு மட்டும் கொடுப்பார். அல்லது விலையை மேலும் ஏற்றுவார். பேரங்காடியின் வாசலை ஒருநாளும் மிதிக்காத ஒரு பெண்ணே அதன் வருகைக்கான விலையைச் செலுத்துபவள் ஆகின்றாள். பேரங்காடிக்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டெனில் அது இதுவே. எதிர்ப்போரின் துண்டுப்பிரசுரங்களில் இது இடம்பெறாமை வியப்புக்குரியதன்று. இவ்வாதத்தைச் சொல்வதற்கு, கொப்பியில் எழுதப்படும் விலையைப் பற்றியும் பேசவேண்டியிருக்கும்.

இவ்வாதமும் சோதிக்கப்படவேண்டிய கருதுகோளே. சோதிக்கும் வழியும் அரிதன்று. பேரங்காடி உள்ள நகரையும் இல்லாத நகரையும் எடுத்து, கடைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பற்றுக் கொப்பிகளின் எண்ணிக்கையையும், ஒரு குடும்பத்துக்கு அனுமதிக்கப்படும் கடன் எல்லையையும், கிளை திறக்கப்பட்டதன் முன்னும் பின்னும் ஒப்பிடுதல் வேண்டும். அக்கொப்பிகள் எந்தத் திணைக்களத்தின் புள்ளிவிவரத் தொகுப்பிலும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் பயில்கின்றனர். அக்கொப்பியில் தாயின் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு வளர்ந்தவர்களும் அவர்களுள் இருப்பர்.

பேரங்காடியைத் தடைசெய்தால் பற்றுக் கொப்பியின் மறைவட்டி அப்படியே நிலைக்கும். அனுமதித்தால் வட்டியோடு கடனும் போய்விடக்கூடும். அதன்பின் எஞ்சுவது அடகுக்கடையும் வாராவாரம் வாசலுக்கு வந்து தவணை கேட்கும் நுண்கடன் நிறுவனமுமே. தோட்டக் கூட்டுறவுக் கடையை மீட்டெடுத்து, கடனைச் சம்பளத்தில் கழிக்கலாம் என்று சிலர் கூறுவர். கூட்டுறவு நன்றே. ஆயினும் சம்பளம் கைக்கு வருமுன்னே கடைக்குக் கழிக்கப்படும் முறையை இம்மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அனுபவித்தவர்கள். அதன் சாவி யார் கையில் இருக்கும் என்பதைத் தீர்மானிக்காமல் அப்பூட்டை மீண்டும் மாட்டுதல் தகாது.

கடன் தேவைப்படுவதன் காரணம் வறுமை மட்டுமன்று. கூலி தாமதமாக வருவதுமாகும். மாதக் கூலி வாரக் கூலியாக மாறின், கொப்பி நிரப்பும் பள்ளம் முப்பது நாளிலிருந்து ஏழு நாளாகச் சுருங்கும். பேரங்காடியின் ரொக்க விலையும் அப்போதுதான் தொழிலாளிக்கு எட்டும் விலையாகும். சிறுகடைக்காரரும் வாராக்கடனின்றி ரொக்கத்துக்கு விற்று அதனோடு போட்டியிடலாம். இக்கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத் தொகையைப் பேசுமளவுக்குப் பேசுவதில்லை. வாரந்தோறும் கணக்குப் பார்ப்பது நிருவாகத்துக்குச் சுமையாகும் என்பது முகாமைத்துவத்தின் விடையாக இருக்கலாம். ஆனால் கொழுந்து நாளொன்றுக்கு ஒரு முறைக்கு மேலாகவே நிறுக்கப்படுகின்றது. ஒவ்வொரு நிறுவையும் அன்றன்றே பெயருக்கு நேராகப் பதியப்படுகின்றது. குறைந்த கிலோவுக்கு அரைப்பெயர் போடுவதற்கு அக்கணக்கு அன்று மாலையே ஆயத்தமாக இருக்கின்றது.