சங்கம் யாருடையது?

சந்தா கட்டிவிட்டால் சங்கத்துக்குத் தாம் செய்ய வேண்டியது தீர்ந்தது என்று எண்ணும் அன்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களும், சிறப்பாக நம் பெண் தொழிலாளர்களும், சிங்கப்பூரில் ஒரு மாதர் சங்கத்துக்கு 2009ஆம் ஆண்டில் நேர்ந்ததை அறிந்துகொள்வது நல்லது.

'அவேர்' என்று அழைக்கப்படும் அச்சங்கம் 1985ஆம் ஆண்டில் தோன்றியது. படித்த பெண்கள் மணம் செய்து பிள்ளை பெறுவது குறைந்து வருகிறது என்று பிரதமர் லீ குவான் இயூ 1983இல் பேசியதை ஒட்டி எழுந்த விவாதமே அதற்கு வித்து. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம உரிமை என்பது அதன் கொள்கை. மருத்துவக் கல்விக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்களைச் சேர்ப்பதில்லை என்றிருந்த கட்டுப்பாட்டை அது எதிர்த்து வந்தது. அக்கட்டுப்பாடு 2003இல் நீங்கியது. அரசாங்க ஊழியரான ஆணின் குடும்பத்துக்குக் கிடைத்த மருத்துவச் சலுகை பெண் ஊழியரின் குடும்பத்துக்கும் வேண்டுமென வாதாடியது. 2005இல் அதுவும் கிட்டியது.

இத்தகைய சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் 2009 மார்ச் 28ஆம் நாள் நடந்தது. வந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். அவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் சேர்ந்த புதியவர்கள்; பழைய உறுப்பினர்களில் வந்தவர் சிலரே. வாக்கெடுப்பு முடிந்தபோது செயலவையின் பெரும்பாலான இடங்கள் புதியவர் கைக்குப் போயிருந்தன. அவர்களில் பலர் ஒரே தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும், பள்ளிகளில் அவேர் நடத்திய பாலியல் கல்வி அவர்களுக்கு உடன்பாடில்லை என்பதும் பிறகே வெளிவந்தன.

கதவை உடைத்துக்கொண்டு எவரும் நுழையவில்லை. விதிப்படி சேர்ந்தார்கள், விதிப்படி வாக்களித்தார்கள். மாற்றுக் கருத்துடையோர் ஒரு சங்கத்தில் சேர்வது குற்றமன்று. ஆனால் என்ன நோக்கத்தோடு பதவி கேட்கிறோம் என்பதை வாக்குக் கேட்கும்போதே சொல்வதுதான் நேர்மை என்பது நம் கருத்து. அந்த நேர்மை தவறும்போது சங்கத்தைக் காக்க வேண்டியவர்கள் யார்? உறுப்பினர்களே.

அவேர் உறுப்பினர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. சங்க விதிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். கையெழுத்துத் திரட்டிச் சிறப்புப் பொதுக்கூட்டம் கோரினார்கள். மே 2ஆம் நாள் சன்டெக் மாநாட்டு மண்டபத்தில் ஏறக்குறைய 3,000 பேர் கூடினர். மணிக்கணக்கில் வாதம் நடந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக 1,414 வாக்குகள், எதிராக 761. செயலவை விலகியது. முன்பு தலைவராக இருந்த டானா லாம் மீண்டும் தலைவரானார். மார்ச்சில் காலி நாற்காலிகளால் இழந்ததை மே மாதத்தில் நிரம்பிய நாற்காலிகளால் மீட்டார்கள்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம்.

விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, ஆணுக்கு நிகராக மரம் வெட்டிப் பால் சுமப்பவள் பெண். சந்தா வாங்குவதில் நாம் ஆண் பெண் என்று வேற்றுமை பார்ப்பதில்லை. கிளைக் கூட்டத்திலோ முன் வரிசையிலும் ஆண்கள், பின் வரிசையிலும் ஆண்கள். பிள்ளைக் கொட்டகைக்குக் கூரை ஒழுகுகிறது, மருந்து தெளிக்கக் கையுறை இல்லை, கங்காணி தகாத பேச்சுப் பேசுகிறார் என்பவற்றையெல்லாம் அங்கே யார் எடுத்துரைப்பது?

குற்றம் பெண்கள் மேல் மட்டும் இல்லை. ஆபீஸ் பலகையில் நோட்டீசை ஒட்டியதோடு கடமை முடிந்தது என்று கிராணிமார்களாகிய நாமும் இருந்திருக்கிறோம். சமையல் நேரத்தில் கூட்டம் போட்டுவிட்டு, 'பெண்கள் வருவதில்லை' என்று குறை பேசியும் இருக்கிறோம். இது மாற வேண்டும்.

கிளைச் செயலாளர்கள் கூட்ட அறிவிப்பை லயம் லயமாகச் சென்று வாசித்துக் காட்ட வேண்டும். பெண்களைக் கேட்டு நேரம் குறிக்க வேண்டும். கூட்டம் முடியும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்த வேண்டும். சங்க விதிகளை எளிய தமிழில் எல்லாருக்கும் விளக்க வேண்டும். செயலவைக்குப் பெண்களின் பெயரை முன்மொழிய ஆண்களே முதலில் கை தூக்க வேண்டும்.

தாய்மார்களே, சகோதரிகளே! அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வீட்டுக்காரரை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். உங்கள் சந்தாவுக்கு ஒரு வாக்கு உண்டு. அதை உங்களுக்காக வேறு யாரும் வந்து போட முடியாது. வந்து அமர்ந்தவர் கையில்தான் சங்கம் இருக்கும். வாருங்கள்.