குப்பைக்குப் போகும் நல்ல பற்றரிகள்

புகைத்தலுக்குப் பரிந்து பேசுபவனல்லன் நான். ஆவியாக வந்தாலும் நிக்கொட்டின் நிக்கொட்டின்தான். ஆயினும், இலத்திரனியல் சிகரெட் பற்றிய வாதங்கள் யாவும் நுரையீரலோடு நின்றுவிடுவது எனக்கு உடன்பாடானதல்ல. அக்கருவியின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைத்து விற்பவர்களை எவரும் கேள்வி கேட்பதாகத் தெரியவில்லை.

பிரித்தானியாவில் 2023 இல் வாரமொன்றுக்கு ஏறக்குறைய 50 இலட்சம் ஒருமுறைப் பாவனைக் கருவிகள் வீசப்பட்டதாக 'மெற்றீரியல் ஃபோகஸ்' என்ற அமைப்பு கணக்கிட்டது. அவற்றுள் இருந்தவை லித்தியம் அயன் பற்றரிகள். அதே ஆண்டு லண்டன் யூனிவர்சிற்றி கொலிஜ் ஆய்வாளர்கள் அத்தகைய பற்றரிகளைக் கழற்றிச் சோதித்து, பல நூறு தடவைகள் மின்னேற்றத்தக்கவை எனக் கண்டனர். குறை பற்றரியில் இல்லை. மின்னேற்ற ஒரு துளை வைக்காமல் விட்டதில்தான் இருந்தது. அதனை மறதி என்று நம்ப நான் தயாரில்லை.

1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பற்றரியின் அருமை தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். அந்தச் சனத்தில் பலர் இன்று லண்டனில் கடை வைத்து இக்கருவிகளை விற்கின்றனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2025 ஜூன் 1 முதல் பிரித்தானியா ஒருமுறைப் பாவனைக் கருவிகளைத் தடைசெய்தது. நல்லது. ஆனால் நடந்தது என்ன? ஏறத்தாழ அதே உருவில், ஒரு யூ.எஸ்.பி துளையுடன், கையைக் கடிக்காத விலையில் புதியவை வந்தன. தடையின் பின்னர் அங்கு சென்றிருந்தபோது, உதிரிச் சுருள் இருக்கிறதா என்று நம்மவர் கடையொன்றில் விசாரித்தேன். "உதை ஆர் அண்ணை வாங்கப் போகினம்? புதுசு எடுக்கிறதுதான் சனத்துக்கு லேசு" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. விற்பதைத்தானே அவர் வாங்கி வைப்பார்.

இத்தனைக்கும் பேணுவது பெரிய வித்தையல்ல. உள்ளே இருப்பது சூடாகும் கம்பிச்சுருளும் பஞ்சுத் திரியும். இனிப்பூட்டிய திரவம் சுருளில் கருகிப் படிவதால் சுவை கெடுகின்றது. சுருளை மட்டும் மாற்றி, திரவம் பஞ்சில் ஊறச் சில நிமிடங்கள் பொறுத்தால் கருகல் வாடை வராது. தொட்டியை வெந்நீரில் கழுவி உலர்த்தலாம். தொடுகைப் புள்ளிகளில் ஈரம் படிந்தால் துடைத்துவிடலாம். அவ்வளவுதான்.

வீசினால் என்ன என்று கேட்போருக்கு ஒரு கணக்கு. நசுங்கிய லித்தியம் பற்றரி தீப்பற்றும். பிரித்தானியக் குப்பை வண்டிகளிலும் கழிவு நிலையங்களிலும் ஓராண்டில் 1,200 இற்கும் மேற்பட்ட பற்றரித் தீச்சம்பவங்கள் பதிவானதாக 2024 இல் தெரிவிக்கப்பட்டது. எல்லாம் சிகரெட் கருவிகளால் நேர்ந்தவை அல்லதான். ஆனால் வண்டியின் பின்னால் நிற்பவன் நாட்கூலித் தொழிலாளி, கருவியைத் தயாரித்த முதலாளி அல்லன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டு மின்கல ஒழுங்குவிதி, சில விதிவிலக்குகளுடன், சாதனங்களிலுள்ள பற்றரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்கிறது. 2027 பெப்ரவரி 18 முதல் அது நடைமுறைக்கு வரவேண்டும். லண்டனும் அதையே கேட்கட்டும். கூடவே, கருவி விற்கும் ஒவ்வொரு கடையிலும் அதன் சுருளும் விற்கப்படவேண்டும் என்று சட்டம் எழுதட்டும்.