வீராவின் தாகம்

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தால், தம்பியிடமிருந்து ஏழு அழைப்புகள். "அக்கா, காடி ஹைவே ஓரத்துல நிக்குது. அப்பாகிட்ட சொல்லிடாதே!"

அப்பா இருபது வருடம் ஓட்டிய புரோட்டோன் வீரா. தம்பி கைக்கு வந்ததும், சுமார் 90 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துவிட்டு, 200 தரும் 4ஜி93 டர்போவைப் போட்டான். ஜேபிஜே அனுமதியெல்லாம் ஒழுங்காக வாங்கினான். மாற்றாமல் விட்டது, டாங்கிக்குள் இருந்த பழைய பெட்ரோல் பம்ப். டர்போ காற்றைத் திணித்தது. அதற்கு ஈடாகப் பெட்ரோல் வரவில்லை. ஒரு பிஸ்டன் உருகிவிட்டது.

"255 லிட்டர் பம்ப் போட்டுடு" என்றார்கள் அவன் நண்பர்கள். எவ்வளவு தேவை என்று யாரும் சொல்லவில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணன் ஒருவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். 200-க்கு 54 கிலோ, அதாவது ஏறக்குறைய 73 லிட்டர். பாதுகாப்புக்குக் கால் பங்கு சேர்த்தால் 91.

"அப்போ 100 லிட்டர் பம்ப் போதுமே?" என்றேன். அண்ணன் சிரித்தார். டர்போ 0.8 பார் அழுத்தினால், 3 பாரில் இருக்கும் பெட்ரோல் 3.8 பாருக்கு ஏற வேண்டும். அழுத்தம் ஏற ஏற, பம்ப் தள்ளும் அளவு குறையும். அதனால் பெட்டியில் உள்ள எண்ணை நம்பாமல், தயாரிப்பாளரின் வரைபடத்தில் 3.8 பாரில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். பழைய வயரில் மின்னழுத்தம் குறைந்தாலும் பம்ப் சோர்ந்துவிடும். பேட்டரியிலிருந்து தடித்த வயர், ரிலே, ஃபியூஸ் மூன்றும் தேவை.

அளவுக்கு மீறிப் பெரிய பம்ப்பும் தொல்லைதான். மிச்சப் பெட்ரோல் டாங்கிக்குத் திரும்பும் குழாய் சிறிதாக இருந்தால், அழுத்தம் ஏறி எண்ணெய் வீணாகும்.

வரைபடம் பார்த்து நடுத்தரமான பம்ப் ஒன்றை வாங்கினோம். ஃபில்டரையும் மாற்றினோம். காற்று–பெட்ரோல் விகிதத்தை மீட்டரில் சரிபார்த்த பிறகே தம்பி வேகமெடுத்தான்.

அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. திட்டவில்லை. "கால் டாங்கிக்குக் கீழே எண்ணெய் போகவிடாதேன்னு சொல்வேனே, ஞாபகம் இருக்கா?" என்றார். பம்ப்பைக் குளிரவைப்பதே அது மூழ்கியிருக்கும் பெட்ரோல்தானாம். இத்தனை வருடம் அதை நான் அப்பாவின் சிக்கனம் என்றே நினைத்திருந்தேன்.