முதல் ஆட்டம் எத்தனை மணிக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் சிட்னியில் அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். அவர் வீடு நகரின் மேற்குப் பகுதியில், பென்ரித் செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் ரக்பி லீக் ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போவதாகச் சொன்னார். ஆட்டம் மாலை 4 மணிக்கு. மனிதர் காலை 11 மணிக்கே காரில் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார்.

“நாலு மணி ஆட்டத்துக்கு இப்பவே போய் என்ன அத்தான் செய்யிறது?”

“நாலு மணிக்கு நடக்கிறது மூணாவது ஆட்டம். மத்த ரெண்டையும் யார் பார்க்கிறது?”

நாங்கள் உள்ளே நுழைந்தபோது அரங்கில் முக்கால்வாசி இருக்கைகள் காலி. புல்வெளியில் 20 வயதை ஒட்டிய இளையர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்ததும் அடுத்த ஆட்டம். அதே சட்டை, அதே நிறம். ஆனால், தொலைக்காட்சியில் பார்த்த முகம் ஒன்றுகூட இல்லை. “இதுதான் ரிசர்வ் கிரேட்,” என்றார் அத்தான். மூத்த அணிக்கு அடுத்த நிலையில் இருக்கும் அணி.

வானொலியில் வேலை செய்பவள் என்பதால் எனக்கு எங்கே போனாலும் காதுதான் முதலில் திறக்கும். கூட்டம் நிறைந்த அரங்கில் ரசிகர்களின் ஆரவாரம் மட்டுமே கேட்கும். காலி அரங்கில் ஆட்டமே கேட்கிறது. தோளும் தோளும் மோதும் சத்தம், அடிபட்டவர் மூச்சை இழுக்கும் சத்தம், “இடப்பக்கம், இடப்பக்கம்!” என்று கத்தும் குரல். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஓர் அம்மா. மகன் பந்தை வாங்கும்போதெல்லாம் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். கைதட்டவே இல்லை.

நம் ஊரில் ரக்பி என்றதும் தேசிய விளையாட்டரங்கில் நடக்கும் எழுவர் ரக்பி பலருக்கு நினைவுக்கு வரும். ரக்பி லீக் வேறு வகை. அணிக்கு 13 பேர், 80 நிமிடம். பந்து வைத்திருக்கும் அணி ஆறு முறை பிடிபட்டுக் கீழே சாய்க்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். சிட்னியிலும் குவீன்ஸ்லாந்திலும் இதற்காக உயிரையே விடுவார்கள். சிட்னியில் இந்த லீக் தொடங்கிய 1908ஆம் ஆண்டிலிருந்தே ரிசர்வ் கிரேடும் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் உச்ச லீக்கான என்ஆர்எல்லில் ஒவ்வொரு மன்றத்துக்கும் 30 பேர் கொண்ட முதன்மைப் பட்டியல் உண்டு. வாரந்தோறும் களம் இறங்குவோர் 13 பேரும் மாற்று ஆட்டக்காரர்கள் சிலரும்தான். காயமில்லாத மற்றவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. நியூ சவுத் வேல்ஸ் கிண்ணத்திலோ குவீன்ஸ்லாந்து கிண்ணத்திலோ ஆடப் போவார்கள். அங்கே அவர்களோடு ஆடுபவர்களில் பலர் முழுநேர ஆட்டக்காரர்கள் அல்லர். பகலில் கட்டுமானத் தளத்திலோ பள்ளிக்கூடத்திலோ வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். மேலிருந்து இறங்கி வந்தவரும் கீழிருந்து ஏற முயல்பவரும் சந்திக்கும் படிக்கட்டு அது.

அந்தப் படிக்கட்டின் மதிப்பைப் பென்ரித் பேந்தர்ஸ் மன்றத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் என்ஆர்எல் பட்டம் அவர்களுக்குத்தான். என்னை அதைவிட அசத்தியது 2022ஆம் ஆண்டு. அந்த ஒரே ஆண்டில் எஸ்ஜி பால் கிண்ணம், ஜெர்சி ஃபிளெக் கிண்ணம், நியூ சவுத் வேல்ஸ் கிண்ணம், என்ஆர்எல் என்று நான்கு நிலைகளிலும் பட்டத்தை வென்றார்கள். முதல் இரண்டும் இளையர் போட்டிகள், மூன்றாவது ரிசர்வ் கிரேட்.

என்ஆர்எல்லில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. வெற்றி பெறும் அணியின் ஆட்டக்காரர்களுக்கு விலை கூடும், எல்லாரையும் வைத்துக்கொள்ள மன்றத்தால் முடியாது. பென்ரித்தில் அதுதான் நடந்தது. 2021க்குப் பிறகு மேட் பர்ட்டன், 2022க்குப் பிறகு வில்லியாமி கிக்காவ், அபி கொரொய்சாவ், 2023க்குப் பிறகு ஸ்டீபன் கிரைட்டன் என்று முக்கியத் தூண்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. கூரை விழவில்லை. வெளியே போனவரின் இடத்துக்கு வந்தவர், பெரும்பாலும், அதே சட்டையை அணிந்து பிற்பகலில் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடிப் பழகியவர். அதே தந்திரங்கள், அதே சைகைகள், அதே எதிர்பார்ப்பு. புதிதாகக் கற்றுக்கொடுக்க அதிகம் இல்லை.

இந்தப் படிக்கட்டில் ஏற எவ்வளவு காலம் ஆகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஜரோம் ஹியூஸ் என்ற நியூசிலாந்துக்காரரைப் பாருங்கள். 2013ல் கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸ் அணிக்காக என்ஆர்எல்லில் முதல் ஆட்டம். அந்த ஒன்றோடு சரி. அடுத்த ஆட்டம் கிடைத்தது 2016ல், வேறோர் அணிக்காக. அதுவும் ஒன்றுதான். 2017ல் மெல்பர்ன் ஸ்டோர்ம் மன்றத்துக்குப் போனார். 2020ல் அந்த அணி பட்டம் வென்றபோது ஆட்டத்தை வழிநடத்தும் இடத்தில் அவர் இருந்தார். 2024ல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான டேலி எம் பதக்கம் அவருக்கு. முதல் ஆட்டத்திலிருந்து அந்தப் பதக்கம் வரை 11 ஆண்டுகள்.

பாப்புவா நியூ கினியின் கதை இன்னும் பெரியது. அந்த நாட்டின் ஹன்டர்ஸ் அணி 2014ல் குவீன்ஸ்லாந்து கிண்ணத்தில் சேர்ந்து, 2017ல் 12-10 என்று இறுதியாட்டத்தை வென்றது. ஹன்டர்ஸுக்காக ஆடிய ஜஸ்டின் ஓலம் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். அவரும் மெல்பர்ன் போய், 2020ல் பட்டம் வென்ற அணியில் இருந்தார். 2028ல் அந்த நாட்டுக்கென்றே ஓர் என்ஆர்எல் அணி வரப்போகிறது. ஒரு நாடே இரண்டாம் படியில் நின்று தன்னை நிரூபித்திருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் இது நல்ல தன்முனைப்புக் கட்டுரை ஆகிவிடும். ஆனால், படிக்கட்டில் ஏறியவர்களைவிட நடுவில் நின்றுபோனவர்கள்தான் அதிகம்.

2008 முதல் 2017 வரை என்ஆர்எல் மன்றங்கள் 20 வயதுக்குட்பட்டோருக்குத் தனி தேசியப் போட்டி நடத்தின. தொலைக்காட்சி ஒளிபரப்பு, விமானப் பயணம், மூத்த அணி ஆடும் அதே அரங்கம். 18 வயதில் நட்சத்திரம்போல் வாழ்ந்த பிள்ளைகள், வயது கடந்ததும் என்ன ஆவார்கள்? மூத்த அணியில் இடம் கிடைத்தவர்கள் சிலர்தான். தன் வயதுப் பிள்ளைகளோடு மட்டுமே ஆடியவர்களுக்கு, 30 வயது ஆட்களின் வலுவும் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடும் பழக்கமும் ஒரே நேரத்தில் புதிதாக இருந்தன. அந்த ஆண்டுகளில் இளம் ஆட்டக்காரர்கள் சிலர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டது அந்த விளையாட்டையே உலுக்கியது. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் பிள்ளைகளுக்கு நாம் என்ன ஆசை காட்டினோம், அது கைகூடாவிட்டால் பிடித்துக்கொள்ள எதைக் கொடுத்தோம் என்ற கேள்வி எழுந்தது. அந்தத் தேசியப் போட்டி 2017க்குப் பிறகு இல்லை. இளையர் ஆட்டங்கள் மாநில அளவுக்குத் திரும்பின. ஆட்டக்காரர்களின் மனநலத்தையும் படிப்பையும் கவனிக்கவென்றே மன்றங்களில் இப்போது ஆட்கள் இருக்கிறார்கள்.

காத்திருப்பது எனக்கும் கொஞ்சம் தெரியும். வானொலியில் நான் தொடங்கியது வார இறுதியில், விடியற்காலை 2 மணிக்கு. காலை நிகழ்ச்சிப் படைப்பாளர் விடுப்பு எடுத்தால் மட்டும் எனக்கு அழைப்பு வரும். “எப்போ காலையில வருவே?” என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த 2 மணி நிகழ்ச்சியையும் டாக்சி ஓட்டுநர்களும் இரவுப் பணித் தாதியரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. ஆனால், எனக்கு மாதச் சம்பளம் இருந்தது, முழங்கால் உடையும் பயமும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் காத்திருப்போடு என்னுடையதை ஒப்பிட மாட்டேன்.

பிள்ளையின் பள்ளி அணியைப் பற்றிப் பேசும்போது நாமும் முதலில் கேட்பது, “மெயின் டீம்ல இருக்கானா?” என்றுதான். “நேத்து எப்படி ஆடினான்?” என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

அன்று பென்ரித்தில் ரிசர்வ் ஆட்டம் முடியும் நேரத்தில்தான் கூட்டம் உள்ளே வரத் தொடங்கியது. கையில் சிப்ஸும் பானமுமாக, களத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை அம்மா எழுந்து வேலியோரம் போனார். சேறு அப்பிய சட்டையோடு மகன் வந்தார். அம்மா அவர் நெற்றிக் காயத்தைத் தொட்டுப் பார்த்தார். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஜெயித்தார்களா தோற்றார்களா என்று இப்போது எனக்கு நினைவில்லை.

டிசம்பரில் அக்கா குடும்பம் சிங்கப்பூர் வருகிறது. அதற்கடுத்த சீசனில் நான் அங்கே போவதாகத் திட்டம். இந்த முறை அத்தானிடம் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்க மாட்டேன். முதல் ஆட்டம் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பேன்.