எந்தக் கதவைத் திறக்கப் போகிறோம்?

சாதாரண தரப் பெறுபேறு வெளியாகியதும் நம் வீடுகளில் ஒரு வழக்கு விசாரணை தொடங்குகிறது. பிள்ளை உயிரியலா, கணிதமா என்பதே வழக்கு. தீர்ப்பளிப்பவர் தந்தையார், சாட்சி சொல்பவர் தனியார் வகுப்பு ஆசிரியர், பிள்ளையை மட்டும் எவரும் விசாரிப்பதில்லை!

"டாக்குத்தராக வேண்டும்" என்ற ஒரே ஆசையால் உயிரியல் வகுப்புகள் நிரம்புகின்றன. ஆசை குற்றமன்று. ஆனால் அதற்குரிய விதியை அறியாதிருப்பது பெருங் குற்றம். மருத்துவம், பல்வைத்தியம், மிருக வைத்தியம் ஆகிய மூன்றுக்கும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பௌதிகவியல் கடினமென அஞ்சி விவசாய விஞ்ஞானத்தை எடுப்பவன் விவசாய பீடத்துக்குப் போகலாம். மருத்துவ பீடத்தின் வாயிலை அன்றே தன் கையால் மூடிவிடுகிறான். தொழில்நுட்பப் பிரிவும் அவ்வாறே. அதிற் சேர்ந்தவன் தொழில்நுட்பப் பட்டம் பெறலாமேயன்றி, இணைந்த கணிதம் கேட்கும் பொறியியற் பீடத்துள் நுழைய முடியாது.

இலகுவான பாடத்தில் கூடிய புள்ளி பெற்றுத் தப்பிவிடலாம் என்பாரும் உளர். 2001 இல் வந்த இசட் புள்ளி முறையில் அந்தக் கணக்குச் செல்லாது. ஒவ்வொரு பாடத்திலும் ஏனையோர் பெற்ற சராசரியோடும் புள்ளிகளின் பரம்பலோடும் ஒப்பிட்டே மாணவன் மதிக்கப்படுகிறான். எல்லாரும் எண்பது பெறும் பாடத்தில் எண்பது பெற்றவனுக்கு என்ன இலாபம்?

விஞ்ஞான பீடங்களில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. எழுபதுகளின் தரப்படுத்தலை மறக்காத நமக்கு இக்கணக்கு மனப்பாடம். அதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிறோம். நம் ஊர்ப் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் உண்டா என்று கேட்பதில்லை. உயர்தர விஞ்ஞானம் 1ஏபி பாடசாலைகளிலேயே உண்டு. அவ்வசதியற்ற கிராமத்து உழவன் மகனுக்குத் தெரிவு என்ற சொல்லே ஏளனமன்றோ?

விவசாய விஞ்ஞானத்தை நாம் தாழ்த்திப் பேசவில்லை. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் நிற்கிறது. தோட்டக்காரன் மகன் அங்கே விரும்பிச் சென்றால் நன்று. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமையால் தள்ளப்பட்டுச் செல்வது வேறு.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலைப் பெறுபேறு வந்த பின்னரே நம்மவர் புரட்டுகின்றனர். அப்போது பாடத்தை மாற்ற முடியுமா? பன்னிரண்டாம் வகுப்பின் முதல் வாரத்திலேயே அதிபர்கள் பெற்றோரைக் கூட்டி, சென்ற ஆண்டுக் கைந்நூலைப் பந்தி பந்தியாக வாசித்து விளக்க வேண்டும். அக்கூட்டத்தை நடத்தும்படி பழைய மாணவர் சங்கங்கள் இவ்வாண்டே அதிபர்களைக் கேட்கட்டும்.